ஓட்டை வழியே அக்காவின் கை

தோல் நிறம் கலக்கும் தேர்வில் தேறாவிட்டால் ஓவிய வகுப்பில் அடுத்த ஆண்டு இடமில்லை. வீட்டில் இருந்தது அக்காவும் அவனும் மட்டும்; எனவே அக்காவின் முன்கைதான் மாதிரி. தையல் கடையிலிருந்து வந்ததும் அவள் மேசைமேல் கையை நீட்டிவிட்டு டிவி பார்ப்பாள். அவன் நடுவில் ஓட்டை போட்ட சாம்பல் அட்டையைக் கண்ணருகே பிடித்துக்கொள்வான். கை என்று நினைத்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், ஓட்டைக்குள் தெரிகிற துண்டை மட்டும் பார் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

நிறம் சீக்கிரமே பிடிபட்டது. வெள்ளை, காவி மஞ்சள், சிவப்பு, துளி நீலம். அவள் கையில் தடவினான்; தடவிய இடம் தெரியவில்லை.

"அடப்பாவி, அப்படியே முழுசா பூசிவிடு. முதலாளி கண்ணுல படாம தப்பிச்சுக்கிறேன்."

சில வாரங்களில் அதே கலவை அவள் கையில் சுண்ணாம்புத் திட்டாக நின்றது. மஞ்சள் கூட்டினான். பிறகு இன்னும் கொஞ்சம். பல்பை மாற்றினான், மேசையை ஜன்னலோரம் இழுத்தான்.

"ஆடாதேக்கா. ஏன் சொறிஞ்சுக்கிட்டே இருக்கே?"

"உன் பெயிண்ட்தான்டா. உடம்பெல்லாம் அரிக்குது."

"உடம்பெல்லாமா பூசினேன்?"

"வாய் மட்டும் நல்லா கலக்குது உனக்கு."

வகுப்பில் ஆசிரியை அவன் கலவையைப் பார்த்து, "மஞ்சள் தூக்கலா இருக்கே. இப்படி எந்த மனுஷனுக்குத் தோல் இருக்கு?" என்றார். தன் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து, பழைய அளவுக்கே திரும்பினான். தேர்விலும் அதையே கலந்தான். தேறிவிட்டான்.

அந்த வாரமே அக்கா கடையில் மயங்கி விழுந்தாள். மருத்துவர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விழி மஞ்சளாக இருந்தது. கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார்.

"இத்தனை நாள் வீட்டுல யாருமே இவங்களைப் பார்க்கலையா?"

தினமும் பார்த்தவன் அவன்தான்.

வார்டில் அக்கா கையை நீட்டினாள். "சும்மாதானே கிடக்கேன். கலந்து பழகு."

இந்த முறை அவனுக்கு அட்டை தேவைப்படவில்லை. மஞ்சளை நிறையப் பிதுக்கினான். முதல் தடவலிலேயே பொருந்தியது.

அவள் தன் கையைப் பார்க்கவில்லை. வண்ணத் தட்டில் மீந்திருந்த கலவையைப் பார்த்தாள்.

"இவ்வளவு மஞ்சளாவாடா இருக்கேன்?"

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"துடைச்சிடு."

துணியை எடுத்தான். எங்கே தடவினோம் என்று தேட வேண்டியிருந்தது.