ஐந்நூற்றுப் பதினேழாவது எபிசோட்

"மூணு மூணா அடிக்கச் சொல்லு. நடுவுல இடைவெளி விடணும்" என்றார் நேசக்குமார் சார், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். வாக்கிடாக்கி என் கையில் இருந்தது. மாதா கோயில் மணிக்கூண்டுக்குள் ஆர்ட் டிபார்ட்மெண்ட் முத்துமணி அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் குரலுக்காகக் காத்திருந்தார்.

"சார், மணிச்சத்தத்த டப்பிங்ல போட்டுக்கலாமே."

"மூஞ்சிய டப்பிங்ல போட முடியுமா, ஜெபசுதா?"

காலை பத்தரை மணி. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கடலுக்குள் இருந்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் இந்தக் கரையில் மணி மூன்று மூன்றாக விட்டுவிட்டு அடித்தால் ஓர் ஆண் இறந்துவிட்டான் என்று அர்த்தம். பெண்ணென்றால் இரண்டு இரண்டாக அடிப்பார்கள். எனக்கே இது தெரியும்போது அவருக்குத் தெரியாமல் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே ஊரில் ஹில்டா அக்கா வீட்டு மாடியில் இரண்டு வருடம் தங்கி, அந்த அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டு, தன் முதல் படத்தை எடுத்தவர் அவர். அது எந்தத் தியேட்டரிலும் ஓடவில்லை. வெளிநாட்டில் நாலைந்து ஊர்களில் காட்டினார்கள். சாத்தான்குளத்தில் கல்லூரிப் பெண்ணாக இருந்த நான் லேப்டாப்பில் அதை மூன்று முறை பார்த்தேன். மீனவர் ஊரைப் பற்றிய படத்தில் சாவு மணி ஏன் இல்லை என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு, "நாலு மாசம் அதுக்காகக் காத்திருந்தேன். நிஜமாவே அடிச்சப்போ கேமராவ அணைச்சிட்டு அவங்களோட ஓடினேன்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் வங்கித் தேர்வுப் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தேன்.

நான் வந்தபோது அவர் சீரியல் எடுக்க ஆரம்பித்திருந்தார். இரண்டாவது படம் பாதியில் நின்றுபோயிருந்தது. மூன்றாவது கதையைக் கேட்கவே ஆளில்லை. ஆறு மாதம்தான், அப்புறம் நம்ம படம் என்றார். ஐந்து வருடம் ஓடிவிட்டது, இது மூன்றாவது சீரியல். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம் எடுத்தாக வேண்டும். யாராவது கெட்ட செய்தி கேட்டால் அந்த மூஞ்சியை மூன்று தடவை காட்ட வேண்டும். இதன் நூற்றுப்பத்தாவது எபிசோடில் கதாநாயகிக்குப் பாயசத்தில் விஷம் வைத்தார்கள். பாயசத்தில் முந்திரி கூடுதலாகத் தெரியட்டும் என்று அரை மணி நேரம் லைட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் அவரை வெறுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முந்தின நாள் சாயங்காலம் சேனலிலிருந்து போன். ஐந்நூற்றுப் பதினேழாவது எபிசோடில் கதாநாயகியின் புருஷன் கடலில் சாகிறான். ஜனங்கள் அழவேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேறு டைரக்டர் என்று சொல்லிவிட்டார்கள். பங்குச்சாமி கோயில் வாசலில் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்: மணியைத் தொடக்கூடாது. அவர் டவுனுக்குப் போயிருந்தார். மணிக்குப் பொறுப்பான உபதேசியார் ரோச்சை யூனிட் குடைக்குக் கீழே உட்காரவைத்து டிபன் கொடுத்திருந்தோம். மீன் ஏலக்கூடத்தின் கூரைமேல் இரண்டாவது கேமரா, யாருக்கும் தெரியாமல், ஊர்த்தெருவைப் பார்த்து இருந்தது.

"அடிங்கண்ணே" என்றேன். நான்தான் சொன்னேன். எனக்கும் சோறு அந்தச் சீரியலில்தான்.

இரண்டாவது மூன்று அடி முடிவதற்குள் தெரு முழுக்கப் பெண்கள். ஒருத்தி கையில் மீன் அறுக்கிற கத்தியோடு வந்தாள். ஒருத்தியின் இடுப்பில் சோப்பு நுரையோடு பிள்ளை வழுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்னால் ஹில்டா அக்கா வந்தாள். அவள் மகன் ஜெஸ்டின் விடியற்காலையில் வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தான். மானிட்டரில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சார் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோச் டிபன் தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கினார். அப்போதுதான் ஹில்டா அக்கா கூரைமேல் இருந்த கேமராவைப் பார்த்தாள். நின்றாள். நேராக எங்களிடம் வந்தாள்.

"யாருக்குலே அடிச்சே?"

"அக்கா, ஷூட்டிங்குக்காக அடிச்சது" என்றார் சார். " ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

"ஒம் மன்னிப்பக் கொண்டுட்டுப் போயி டீவியில போடு. எம் புருசன் மரியானுக்கு அடிச்சப்போ எங்கூட ஓடிவந்தவன் தானலே நீ? மண்ணுல விழுந்தவளத் தூக்குனது இந்தக் கை தானலே?" அவர் கையைப் பிடித்து உதறினாள். அந்தப் பேட்டியில் அவர் சொன்ன சாவு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. வாக்கிடாக்கியை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பெண்கள் கோயில் வாசலில் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். யூனிட் வண்டிகளுக்கு முன்னாலும் உட்கார்ந்தார்கள். மணி அடித்தால் மைக்கில் இறந்தவன் பேர் சொல்ல வேண்டும், பேர் கேட்காமல் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்றார் ரோச். சார் கதையில் செத்தவனின் பேரைச் சொல்ல வாயெடுத்தார்.

"கதையில உள்ளவனுக்கு இந்த மணி அடிக்காது" என்றார் ரோச். "பேரு இல்லாத மணி கடல்ல கெடக்குத அம்புட்டுப் பேரு தலைக்கு மேலயும் நிக்கும். எம் பயலும் அங்கனதான் கெடக்கான்."

"முன்னால இறந்த யாரு பேரையாவது..." என்று இழுத்தார் சார்.

"செத்தவனுக்கு ஒருக்கதான் மணி."

முக்கால் மணி நேரம் போயிற்று. யாரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கத்தி வைத்திருந்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நான் அவர் பக்கத்தில் போய், "சார், அந்த ஷாட்ட அவங்க முன்னாலயே அழிச்சிடுவோம்" என்றேன்.

"பத்து வருசத்துல நான் எடுத்த ஒரே நல்ல ஷாட்டு அது" என்றார் மெதுவாக. "அதத் தரமாட்டேன்."

"அடிச்சவன் பேரச் சொல்லச் சொல்லுங்க உபதேசியாரே" என்றாள் ஹில்டா அக்கா.

முத்துமணி அண்ணன் என்னைப் பார்த்தார். கயிற்றை இழுத்தது அவர். சொன்னது நான். சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எங்கள் பேரைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ஐந்து வருடம் பழகியவரைப் பற்றி எனக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றியது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் படியேறினார். ரோச் மைக்கைப் போட்டுக் கொடுத்தார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று சாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நாசரேத் ஜீவமணி வாத்தியார் மகன்" என்றார். "நேசக்குமார். வயசு நாப்பத்தாறு. இன்னைக்குக் காலையில பத்தரை மணிக்கு."

ஒலிபெருக்கியில் அந்தப் பேர் கடல் வரைக்கும் போயிற்று. யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மணலில் முட்டிபோட்டார்கள். ரோச் இறந்தவருக்கான செபத்தைத் தொடங்க, அவர்கள் பதில் சொன்னார்கள். ஹில்டா அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள், கண்ணை மூடாமல், அவர் முகத்தைப் பார்த்தபடியே. மூன்று நிமிடம் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. அது அவருக்காகவா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

முடிந்ததும் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அவர்களும் சொல்லவில்லை. படியிலிருந்து இறங்கி வந்தவர், "அக்கா" என்று ஹில்டா அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், சுவரோரம் கிடந்த மீன் கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். கரைக்குத் திரும்பும் முதல் வள்ளத்தின் இன்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து நடந்தார்கள். காலி வாசலில் அவர் வெறுங்காலோடு நின்றார், சுடுமணலில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.