ஆணியில் தொங்கிய செம்பு வளையம்

பட்டறையின் பின்சுவரில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. வேலை முடிந்தபின் மிஞ்சிப்போகும் நட்டு, வளையம் எதுவானாலும் மெக்கானிக் அதில்தான் மாட்டிவைப்பார். எந்த வண்டியுடையது என்று தெரியும்வரை அது ஆணியைவிட்டு இறங்காது. இந்த ஒரு பழக்கத்தை வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். மற்றவர்கள் மிச்சத்தைக் குப்பையில் போடுவார்கள், நான் சொந்தக்காரனைத் தேடுவேன் என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வசனம்.

அந்த ஆணியில் மூன்று மாதமாக ஒரு செம்பு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பட்டறையைப் பெருக்கும்போது மேசைக்கடியில் கிடைத்தது. அந்த வாரம் நான்கு வண்டிகள் வந்துபோயிருந்தன. அவற்றில் ஒன்று அக்கா வீட்டுக்காரருடையது. மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்தார், அத்தானை மட்டும் கேட்கவில்லை. சொந்த அத்தான் வண்டியில் கை தவறுமா என்ற நினைப்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்பதெல்லாம் மற்ற யானைகளுக்குச் சொன்னது என்று இருந்துவிட்டார்.

இன்றைக்குக் காலை அக்காவே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். இருபது வருஷத்துக் கார். மறுநாள் ஒருவர் வாங்க வருகிறாராம், அதற்குள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துக் கொடுக்கவேண்டுமாம். ஏன் விற்கிறார்கள் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அதற்குக் காரணமே தான்தான் என்பது மட்டும் இன்னும் தெரியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் பவர் ஸ்டியரிங் ஆயில் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது. புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அத்தான் வந்து, மெதுவாகத் திருப்பும்போது ஸ்டியரிங் கனக்கிறது என்றார். மெக்கானிக் குனிந்து பார்த்தார், தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. குழாய்க்குள் இருந்த காற்று வெளியேறியிருக்கும் என்று அவராகவே முடிவுகட்டி, ஊற்றி நிரப்பி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பூப்போலத் திரும்பியது.

"வண்டில ஒண்ணுமில்ல அத்தான். வயசாகுதில்ல, கைல தெம்பு குறைஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். பட்டறையில் காத்திருந்த இரண்டு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அத்தானும் சிரித்துவைத்தார்.

பத்தே நாளில் அத்தான் தன் வீட்டு வாசல் தூணிலேயே வண்டியை உரசிவிட்டார். நாற்பது வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர். யாருக்கும் அடியில்லை, ஆனால் பின்சீட்டில் பேத்தி இருந்தாள். அன்றைக்கு மேசைமேல் வைத்த சாவியை அவர் பிறகு தொடவே இல்லை.

"வர்ற வழில ரெண்டு திருப்பத்துல எனக்குமே கனமா இருந்துச்சு தம்பி" என்றாள் அக்கா. "எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு, அதான்னு நினைச்சுக்கிட்டேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பானட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். ஆயில் அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது. வண்டிக்கடியில் படுத்து, இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தடுப்புத் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றினார். தகடு ஒரு பக்கம் சாய்ந்ததும், அதில் தேங்கியிருந்த சிவப்பு ஆயில் அவர் தோளில் வழிந்தது. தரையில் சொட்டு விழாததன் ரகசியம் அதுதான். ஒழுகியதையெல்லாம் தகடு தாங்கிப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு ஆறு போல்ட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஒரு மனிதரின் கையைக் குறை சொல்லியிருக்கிறார்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்பது அடுத்த கேள்வி. குழாய்களையும் பம்பையும் துடைத்துக் காயவைத்தார். கண்ணாடிக்கடியில் இருந்த முகப்பவுடரை எடுத்து எல்லா இணைப்புகள்மீதும் தூவினார். வண்டிக்கும் மேக்கப்பா என்று அக்கா கேட்டாள். சாதாரணமாக என்றால் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பார். டப்பாவில் ஆயிலை நிரப்பிவிட்டு, அவளை உள்ளே உட்காரவைத்து இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு ஓரம்வரை திருப்பி உடனே விடச் சொன்னார். பிறகு மறு ஓரம். நான்காவது தடவை, குழாய் பம்போடு சேரும் இடத்தில் வெள்ளைப் பவுடர் மெல்லச் சிவந்தது. அவர் கையால் முறுக்கிய போல்ட்.

இன்ஜினை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினார். அந்த போல்ட்டில் குழாயின் தலைக்கு மேலே ஒரு செம்பு வளையம், கீழே ஒரு செம்பு வளையம் இருக்கவேண்டும். மேலே இருந்தது. கீழே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன தெரியுது?" என்று அக்கா கேட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றார். "பழைய வண்டிதானேக்கா. சின்னக் கசிவு."

புதிய வளையங்கள் இரண்டு போட்டு முறுக்கினார். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஸ்டியரிங்கைப் பொறுமையாகத் திருப்பி, டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். மறுபடி பவுடர் தூவிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அக்கா தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஒற்றை விரலால் திருப்பலாம் போலிருக்கிறது, வாங்க வருகிறவர் மறுபேச்சுப் பேசமாட்டார் என்றாள்.

அவ்வளவுதான், வேலை முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த வளையத்தை மறைக்க ஒரு பருக்கையே போதும். வண்டி நாளைக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும், அதோடு கதையும் போய்விடும். அத்தானுக்கு வயதாகிவிட்டது என்பது மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்று யோசித்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, ஆணியிலிருந்த வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தானும் வருவதாகச் சொல்லி அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அத்தான் முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மெக்கானிக் உட்காரவில்லை. வளையத்தை எடுத்து மேசையில், அன்றைக்கு அத்தான் சாவியை வைத்த அதே இடத்தில் வைத்தார்.

"இது உங்க வண்டியோடது அத்தான். நான் போட மறந்துட்டேன். அதான் ஆயில் ஒழுகி ஸ்டியரிங் கனத்துச்சு. உங்க கைல ஒரு குறையும் இல்ல. தப்பு என் கையிலதான்."

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அத்தான் டம்ளரைக் கீழே வைத்து, வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு.

"ரெண்டு மாசமா பேத்தியக்கூட நான் தூக்கல மாப்ளே. கீழ போட்டுருவேனோன்னு பயம்."

மன்னிப்புக் கேட்க மெக்கானிக் நினைத்துவந்த வார்த்தைகள் எல்லாம் அந்தப் பேச்சுக்கு முன்னால் கூலிக்கு மாரடிப்பதுபோலத் தோன்றின.

அத்தான் மனைவியிடம் கைநீட்டிச் சாவியை வாங்கினார். பேத்தியைக் கூப்பிட்டார். பின்கட்டிலிருந்து ஓடிவந்தவளைக் குனிந்து, இரண்டு கைகளாலும் தூக்கினார். ஒரு கணம் நிதானித்தார். பிறகு அவளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையில் சாவியோடு வாசலுக்கு நடந்தார். கூட ஏறப்போன மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வராத. எனக்கு இன்னும் கோவம் தீரல. நாளைக்கு வர்றவர்கிட்ட வண்டி விக்கலன்னு நீயே போன் பண்ணிச் சொல்லு."

பேத்தி பின்சீட்டிலும் அக்கா முன்னாலும் உட்கார, வண்டி கீறல் விழுந்த தூணைத் தொடாமல் வெளியே போனது. மெக்கானிக் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டு அது திரும்பி வந்தது. உள்ளே வரும் என்று அவர் ஒதுங்கி வழிவிட்டார். அத்தான் அவரைப் பார்க்காமல், ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி இன்னொரு சுற்றுக்குப் போனார்.