சண்டியரின் பெல்ட்

அன்று காலை லாயத்தில் இருந்தவர்கள்: முதலாளியம்மா, குதிரை டாக்டர், லாயத்து மேஸ்திரி, மேஸ்திரியின் தங்கையைக் கட்டிய குதிரைக்காரன். கொட்டடியில் பந்தயக் குதிரை சண்டியர். அடுத்த கொட்டடியில் பல் தேய்ந்த கிழட்டுக் குதிரை பெரியம்மா.

சண்டியரின் நெஞ்சில் ராத்திரிதோறும் கட்டவேண்டிய சென்சார் பெல்ட் மூன்று வாரமாக அனுப்பிய இதயத் துடிப்பு டாக்டரின் கையிலிருந்த திரையில் கோடு கோடாக ஓடியது.

"கொட்டடிச் சுவத்துல மாட்டின அளவுப் பெட்டி சொல்றதுல குறையில்ல. சூடு, ஈரம், மூத்திர நெடி எல்லாம் அளவாத்தான் இருக்கு. குதிரைக்குத்தான் கோளாறு. ராத்திரியில இதயம் நடுநடுவே ஒரு அடி விட்டுடுது. இப்ப காது வெச்சுக் கேட்டா தெரியல. ஓட விட்டா வழியிலயே விழும். மேல இருக்கறவனும் சேர்ந்து விழுவான்."

"அப்ப மத்தியானம் லாரியை வரச் சொல்லுங்க" என்றாள் முதலாளியம்மா. ஓடாத குதிரையை அந்த லாரி எங்கே கொண்டுபோகும் என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை.

குதிரைக்காரன் ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தான். பெல்ட் வந்த முதல் நாள் சண்டியர் காதை மடக்கிப் பல்லைக் காட்டியது. அவ்வளவுதான், கடிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பெல்ட்டைப் பெரியம்மாவின் நெஞ்சில் கட்டினான். அது பாட்டுக்குக் கண்ணை மூடி நிற்கும். விடிவதற்குள் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான். எல்லாம் குதிரைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றிருந்தான்.

"அம்மா, பெல்ட்டுல தப்பு இருக்காது. என் மாப்பிள்ளை கட்டினது" என்றார் மேஸ்திரி. "ஒரு நாள் தவறினதில்ல. நான் கேரண்டி."

"மச்சான், அது சண்டியரோட துடிப்பு இல்ல."

"பின்ன, உன்னோடதா?"

"பெரியம்மாவோடது."

டாக்டர் நிமிர்ந்தார். "ஏன்?"

பெல்ட் அறுந்துபோச்சு, மறந்துட்டேன், யாரோ மாத்திட்டாங்க. மூன்று பொய்யும் வாய்வரை வந்தன.

"பயம்" என்றான். "போன வருஷம் உதை வாங்கினதுலேர்ந்து சண்டியர் கிட்டப் போக பயம்."

முதலாளியம்மா சிரித்திருந்தால் தேவலை. அவள் அவனுடைய பூட்ஸைப் பார்த்தாள். நல்ல பூட்ஸ், அவள் வாங்கிக் கொடுத்தது.

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?" மேஸ்திரி மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதாக்கும். ஊரெல்லாம் உனக்காகப் பேசிட்டுத் திரிஞ்சேனே."

டாக்டர் குறுக்கிட்டார். "இப்பவே கட்டுங்க. ரெண்டு ராத்திரி பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் லாரி வேணாம்."

"சரி" என்றாள் முதலாளியம்மா. "பெரியம்மா எப்படியும் ஓடப்போறதில்ல. அது இருக்கட்டும்."

மேஸ்திரி ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தார். "தள்ளு, நான் கட்டறேன்."

குதிரைக்காரன் நகரவில்லை. பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "குடு மச்சான். நானே கட்டறேன்."

வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. அவனால் அந்த மூன்று பேர் முன்னால் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. உள்ளே சண்டியர் ஏற்கெனவே காதை மடக்கியிருந்தது.

குதிரை கட்டில்லாமல் நிற்கும்போது ஆள் உள்ளே போனால், அது தெருவுக்கு ஓடிவிடாதபடி கதவை வெளியிலிருந்து பூட்டவேண்டும் என்பது லாயத்து விதி. மாப்பிள்ளை வைக்கோலில் கால் வைக்கும்வரை மேஸ்திரி காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டினார்.