சனிக்கிழமைவரை

"சட்டையைக் கழட்டுங்க மகாதேவன். மேல்துண்டு மட்டும் போதும்," என்றார் சாய்ராம் அங்கிள், மடித்த வேட்டியை நீட்டியபடி.

ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டின் ஓரத்தில், ஃபிரீவேயை ஒட்டியிருந்த அந்த ஃபியூனரல் ஹோமின் பின்னறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. மகாதேவனின் விரல்கள் முதல் பொத்தானிலேயே நின்றுவிட்டன. சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கதவோரம் நின்ற மனைவி மீனாக்ஷிக்கும் தெரியும். அவள் அவனைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த ஏதோ ஓர் ஏரியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையோட பண்ணக் கூடாதா அங்கிள்?"

"பண்ணலாம். யாரு கேக்கப் போறா? ஆனா அண்ணனுக்குப் பண்றீங்க. இதுக்காகத்தானே எல்லாரும் அஞ்சு நாள் வெயிட் பண்ணோம்?"

ஓய்வுபெற்ற எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் சாய்ராம். ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சாவு நேர்ந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். ஐயருக்குச் சொல்வது, டெத் சர்டிஃபிகேட் வாங்குவது, வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டுவருவது என்று எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சொன்னால் மறுப்பதற்கில்லை.

கழற்றினான்.

தோள்கள் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. முதுகின் மேல்பாதி வெங்காயச் சருகாக உரிந்து தொங்கியது. மிதவை அங்கியின் வார்கள் மறைத்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளைப் பட்டைகள் தோளிலிருந்து இறங்கின. மத்தியதரைக் கடலின் ஜூலை வெயில், அவன் எங்கே இருந்தான், எப்படி இருந்தான் என்பதை அவன் தோலிலேயே எழுதி அனுப்பியிருந்தது.

"என்னப்பா இது!" என்றார் சாய்ராம்.

அதே நேரத்தில் உள்ளே வந்தாள் காமாக்ஷி. அவனுடைய அண்ணி. திங்கட்கிழமை காலையில், வாக்கிங் போய்த் திரும்பிய கணவர் வீட்டு டிரைவ்வேயிலேயே சரிந்து விழுந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவள். கையில் புதுத் துண்டு. மைத்துனனின் முதுகைக் கண்டதும் அந்தத் துண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ தம்பி! டிக்கெட்டுக்காக எந்தெந்த வெயில்ல போய் நின்னீங்களோ! பாருங்க அங்கிள், கப்பல்ல மாட்டிக்கிட்டு அந்தப் புள்ள எப்படித் தவிச்சிருக்குன்னு."

ஐம்பத்தொரு வயதான அந்தப் புள்ள தலையைக் குனிந்துகொண்டது. மீனாக்ஷி ஏரிப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிக்கெட்டுக்காக அவன் எந்த வெயிலிலும் நிற்கவில்லை. உண்மை இதுதான்.

டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவில் ஒரே தெருவில் வசிக்கும் நான்கு குடும்பங்கள். நான்கு ஜோடிகளுக்கும் திருமணமாகி இருபத்தைந்தாம் ஆண்டு. இரண்டு வருடங்களாகத் திட்டமிட்ட கப்பல் பயணம்: பார்சிலோனாவில் ஏறி ஏதென்ஸில் இறங்குவது. திட்டம் போட்டவன் மகாதேவன். வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் வைத்தவனும், எட்டுப் பேருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் அடித்தவனும் அவன்தான். "கேப்டன்" என்றுதான் நண்பர்கள் அவனை அழைத்தார்கள்.

திங்கட்கிழமை, நேப்பிள்ஸ் துறைமுகம். மதியம் இரண்டு மணி. அனல் தரையிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. எலுமிச்சை ஐஸ் விற்கும் வண்டியருகே எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டு நின்றபோது அண்ணன் மகள் மாளவிகாவின் அழைப்பு வந்தது. கூட்டத்தை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் எடுத்தான்.

"சித்தப்பா, அப்பா... அப்பா இஸ் கான்."

தூணைப் பிடித்துக்கொண்டான். அழுதான் என்பதும் பொய்யில்லை. அமெரிக்காவுக்கு அவனை அழைத்துவந்தது அண்ணன் வாஞ்சிநாதன். முதல் இரண்டு வருடம் அவன் உண்டதும் உறங்கியதும் அண்ணன் வீட்டில். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"நீங்க இப்போ எங்க இருக்கீங்க?" என்று மாளவிகா கேட்டாள்.

கப்பல் கிளம்ப இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருந்தது. விமான நிலையம் அரை மணி நேர டாக்ஸித் தொலைவில் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ஏழு பேர் இவன் வந்து படம் எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் இரவு கப்பலில் விருந்து. நான்கு ஜோடிகளும் மாலை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"கப்பல் கிளம்பிடுச்சும்மா. நடுக்கடல்ல இருக்கோம்."

அவள் "ஓகே" என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பொய்யை அவன் திட்டமிடவில்லை. ஆனால் வாயிலிருந்து விழுந்த பொய்யைக் குனிந்து எடுத்துக்கொள்ள ஐந்து மணி நேர அவகாசம் இருந்தது. அந்த ஐந்து மணி நேரத்தில் அவன் என்ன செய்தான்? படம் எடுத்தான். எலுமிச்சை ஐஸ் உருகிக் கையில் வழிந்ததைத் துடைத்தான். நண்பர்களிடம் சொல்லவில்லை. மீனாக்ஷியிடம்கூட மறுநாள் விருந்து முடிந்து, மாலையைக் கழற்றி வைத்த பிறகுதான் சொன்னான். அவள் "நேத்தே தெரியுமா உனக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் தலையாட்டினான். அதன் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை. புதன்கிழமை சான்டோரினியில் நண்பர்கள் படகில் ஏறியபோது அவள் அறையிலேயே இருந்துகொண்டாள். அவன் போனான். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே!

இதுவும் போதாதென்று இன்னொன்றும் இருந்தது. செவ்வாய்க்கிழமை, அந்த விருந்துக்கு முன்னால் காமாக்ஷி பேசியிருந்தாள்.

"தம்பி, தகனத்துக்குப் புதன்கிழமை ஒரு ஸ்லாட் இருக்காம். விட்டா சனிக்கிழமைதானாம். மாளவிகா நானே பண்றேன்னு நிக்கிறா. பொம்பளப் புள்ளைய எப்படிப் பண்ண விடறது? கூடப் பொறந்தவர் நீங்க இருக்கும்போது? நீங்க சொல்லுங்க, உங்க முடிவுதான்."

மார்ச் மாதம் மகளிர் தினத்தன்று ஃபிரிஸ்கோ தமிழ்ச் சங்க மேடையில் மகாதேவன் இருபது நிமிடம் முழங்கியிருந்தான். "கடல் கடந்தோம்! கணினி கற்றோம்! பெண்ணை விண்வெளிக்கு அனுப்புகிறோம்! ஆனால் பெற்ற தகப்பனின் சிதைக்கு முன்னால் மட்டும் அவளை ஓரமாக நிற்கச் சொல்கிறோம். இது எந்தச் சாத்திரம்? இது எந்த நியாயம்? கண்ணீர் விட மகள் வேண்டும், கொள்ளி வைக்க மட்டும் ஆண் வேண்டுமா?" எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் காணொளியை அண்ணனே எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

மேடையில் இருபது நிமிடம் பேசியதைப் போனில் ஒரே வரியாகச் சொல்லியிருக்கலாம். மாளவிகா செய்யட்டும், அண்ணி. மூன்று சொற்கள். சொல்லியிருந்தால் ஒரு மகளுக்கு அவள் உரிமை கிடைத்திருக்கும். இறந்தவருக்கும் காலத்தில் நெருப்பு கிடைத்திருக்கும். ஆனால் அதைச் சொல்லும் தைரியம் அவனிடம் இல்லை. சொன்னால் அவன் வராமல் தட்டிக்கழிப்பதாக யாரேனும் நினைத்துவிட்டால்? அதற்கும் அடியில், ஒத்துக்கொள்ளவே கூசும் ஒன்றும் இருந்தது. தனக்காக ஒரு சாவே காத்திருக்கிறது என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு மிதப்பு.

"சனிக்கிழமை வந்துடுவேன், அண்ணி."

ஆகவே சனிக்கிழமைவரை காத்திருந்தார்கள். அண்ணன் குளிர்பெட்டியில் காத்திருந்தார்.

கூடத்தில் எழுபது பேருக்குமேல் இருந்தார்கள். சிவந்த முதுகோடு அவன் நடந்து வந்தபோது நாற்காலி வரிசைகளில் ஓர் இரக்க முணுமுணுப்பு ஓடியது. "பாவம், ஷிப்ல மாட்டிக்கிட்டாராம்." "எறங்கவே முடியாதாமே நடுவுல?" "கொடுமைங்க." யாரோ ஓர் ஆன்ட்டி எழுந்து அவன் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த இரக்கம் ஒவ்வொன்றும் உரிந்த தோலின்மேல் விழுந்தது.

பெட்டியின் தலைமாட்டில் மாளவிகா நின்றாள். இருபத்துநான்கு வயது. டாலஸ் பக்கம் ரிச்சர்ட்சனில் படித்தபோது வார இறுதிகளில் அவன் வீட்டில்தான் சாப்பிடுவாள். இப்போது அவனை வரவேற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. அரிசிக் கிண்ணத்தை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

அண்ணனின் முகத்தில் பவுடர் பூசியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும்போது விரல் நுனி உதட்டில் பட்டது. அந்தக் குளிர்ச்சி முழங்கைவரை ஏறியது.

தகன அறைக்குள் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. நான்கு சுவர், ஓர் இரும்புக் கதவு, கதவருகே உலையை மூட்டும் ஒரு பச்சைப் பொத்தான். பெட்டி உருளைகளின்மேல் உள்ளே நகர்ந்து மறைந்தது. நீலக் கோட்டு அணிந்த ஊழியர் மரியாதையோடு விலகி நின்றார்.

"அமுக்குங்க மகாதேவன்," என்றார் சாய்ராம் மெதுவாக.

அவன் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது.

"மாளவிகா பண்ணட்டும் அங்கிள்."

ஒரு சலசலப்பு எழுந்தது. காமாக்ஷி நிமிர்ந்தாள். சாய்ராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"மகள் அவ. அவதான் பண்ணணும்."

அந்தச் சொல் உண்மையானது. அதைச் சொன்ன வாய்தான் உண்மையானதல்ல. அதை அறியாத ஓர் ஆன்ட்டி பின்னாலிருந்து தழுதழுத்தார்: "பெரிய மனசுங்க. மேடையில பேசுறதோட நிக்காம செஞ்சு காட்டிட்டார் பாருங்க." சாய்ராம்கூட அவன் தோளைத் தொடவந்து, உரிந்த தோலைக் கண்டு கையைப் பின்வாங்கிக்கொண்டார். "உங்க அண்ணன் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் மகாதேவன்."

மகாதேவனுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. திருட்டை ஒளிக்கக் கொடுத்ததைத் தானம் என்று புகழ்கிறார்களே!

மாளவிகா நகரவில்லை.

"டெல் தெம் வை, சித்தப்பா."

"என்னம்மா?"

"ஏன் எனக்குக் குடுக்கறீங்கன்னு சொல்லிட்டுக் குடுங்க." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு நான் கால் பண்ணப்போ உங்க ஷிப் நேப்பிள்ஸ்ல இருந்துச்சு. வெப்சைட்ல பாத்தேன். ஏழு மணிக்குத்தான் டிபார்ச்சர். நேப்பிள்ஸ், ரோம், ஹூஸ்டன்னு ஃபிளைட்கூடப் பாத்து வெச்சுட்டுத்தான் கேட்டேன், எங்க இருக்கீங்கன்னு. அம்மாகிட்ட நான் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன். அஞ்சு நாள்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மேடைகளில் கைதட்டல் வாங்கியவன் அண்ணியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி," என்றான். "நான் தரையிலதான் இருந்தேன். அன்னிக்கே கிளம்பியிருக்கலாம். கிளம்பல."

"அப்போ... இது?" காமாக்ஷியின் விரல் அவன் தோளைக் காட்டியது.

"புதன்கிழமை. படகுல போனோம். ஃபிரெண்ட்ஸோட."

உலைக்குள் எங்கோ காற்றோட்டம் இரைந்தது. அண்ணி தன்னை அறையட்டும் என்று அவன் விரும்பினான். தூற்றட்டும், மண்ணை வாரி வீசட்டும், எல்லாருக்கும் முன்னால் வெளியே போ என்று சொல்லட்டும். காமாக்ஷி கணக்குப் போடுகிறவளைப்போலத் தரையைப் பார்த்தாள்.

"அப்போ புதன்கிழமையே முடிச்சிருக்கலாமா, தம்பி?"

அவன் தலையசைத்தான்.

"வீட்டுல ஏசிய எழுபத்தெட்டு ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ வெக்க விடமாட்டாரு," என்றாள் அவள். "குளிர் அவருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. உங்களுக்குத்தான் தெரியுமே."

மகளின் கையைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்தாள். தன் கையையும் அதன்மேல் வைத்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து அழுத்தின. இரும்புக் கதவுக்குப் பின்னால் நெருப்பு பற்றிக்கொள்ளும் ஓசை, தொலைவில் லாரி கிளம்புவதுபோல், கேட்டது.

வெளியே பார்க்கிங்கில் மதியம் கொளுத்தியது. சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஹூஸ்டனிலும் அந்த வழக்கம் மாறவில்லை. வருகிறேன் என்று ஒருவரும் ஒருவரிடமும் சொல்லாமல், தலையை மட்டும் தாழ்த்தியபடி ஒவ்வொரு குடும்பமும் தன் காரை நோக்கி நடந்தது. சாய்ராம் அவனைக் கடந்து போனார், சொல்லவில்லை. கையை அழுத்திய ஆன்ட்டியும் சொல்லவில்லை. அது வழக்கம்தானா, அல்லது வேறு ஏதேனுமா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. யாரையும் நிறுத்திக் கேட்கவும் முடியாது.

மீனாக்ஷி தங்கள் காரை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தாள்.

மாளவிகாவின் கார் கடைசியாக நகர்ந்தது. பக்கத்து இருக்கையில் காமாக்ஷி. அவனருகே வந்தபோது அவள் பக்கத்து ஜன்னல் சற்றே இறங்கியது. மகாதேவன் ஓரடி முன்னால் வைத்தான். அண்ணி வெளியே பார்க்கவில்லை. கையை நீட்டி ஏசியை அணைத்துவிட்டு, உள்ளே வந்த அனல் காற்றில் கண்களை மூடிக்கொண்டாள். கார் வளைந்து ஃபிரீவே பக்கம் திரும்பியது.