ஆறு மணிக்குச் சாம்பல் வேட்டை

கீச்சு என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அக்காதான். சின்ன வயதில் அவள் வாயைத் திறந்தால் அணில் கத்துவது போலிருக்கும். வளர்ந்த பிறகும் அந்தக் குரல் தடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரல்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. அக்காவைக் கட்டிய மாமா ஒலிப்பதிவாளர். ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் சொந்தமாக டப்பிங் ஸ்டுடியோ வைத்திருந்தார். தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் முயல், வாத்துக்குஞ்சு, மூக்கொழுகும் யானைக்குட்டி எல்லாவற்றுக்கும் பத்து வருஷமாகக் குரல் கொடுத்தவள் கீச்சுதான்.

அப்படிப்பட்டவளிடம்தான் கோடாலிக்காரன் வந்து சேர்ந்தான்.

‘சாம்பல் வேட்டை’ என்ற அந்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஓயாமல் சாம்பல் பெய்யும் ஒரு நகரம். அங்கே செத்தவர்கள் மிருகமாக எழுந்து வருவார்கள். அவர்களை வெட்டிச் சாய்ப்பது மீசைகூட முளைக்காத ஒரு கோடாலிக்காரன். அந்த மாதிரிப் பையன்களுக்குப் பெண் குரல்தான் பொருந்தும் என்று மாமா சேனல்காரர்களிடம் மல்லுக்கட்டி, மைத்துனியை உள்ளே நுழைத்துவிட்டார். செய்தி வெளியானதும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். “முயலுக்குக் கத்தினவ கோடாலிக்காரனுக்கா?” என்று இணையத்தில் அவளை வறுத்தெடுத்தார்கள். பிறகு முன்னோட்டம் வந்தது. அதில் கோடாலிக்காரன் ஒரே ஒரு வரிதான் பேசுவான்: “எழுந்திரு, இன்னொரு தடவை சாவு.” அதைக் கேட்டதும் வறுத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

முதல் பாகம் ஒளிபரப்பாகும் நாள் நெருங்க நெருங்க ஊரே பரபரத்தது. பேருந்துகளின் முதுகில் கோடாலி. மருந்துக் கடைக் கதவில் கோடாலி. சேனலின் மூலையில் இன்னும் இத்தனை மணி நேரம் என்று எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அக்கா, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவரிடம் அன்றைக்குச் சீக்கிரம் கிளம்புவதாக ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்துவிட்டாள். மாலை ஆறு மணிக்கு எல்லோரும் அக்கா வீட்டில் கூடிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அன்று மதியமும் கீச்சு ஒலிப்பதிவு அறையில்தான் இருந்தாள். முதல் நான்கு பாகங்கள் முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. மிருகமாகிவிட்ட சொந்த அண்ணனைக் கோடாலிக்காரன் வெட்டும் காட்சி. நடுவில் இரட்டைக் கண்ணாடி. அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கன்சோலுக்கு முன்னால் மாமா. அவர் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் இவள் காதுக்குக் கேட்கும்.

“கீச்சு, இது கோபமே இல்ல. பஸ்ஸ விட்டவ கத்துற கத்து.”

“மாமா, காலையிலிருந்து கத்துறேன். தொண்டை கிழிஞ்சு தொங்குது.”

“அண்ணனக் கொல்றான்மா. தூக்கி வளத்த அண்ணன். அழுகையும் வரணும், வெறியும் வரணும்.”

“அண்ணனுக்கு நான் எங்க போவேன்? இருக்கறது அக்கா ஒருத்திதான். அவள நெனச்சுக்கவா?”

“தாராளமா நெனச்சுக்கோ. வீட்டுல மட்டும் சொல்லிடாத.” மாமா சிரித்துவிட்டு, “இன்னொரு டேக் போலாம்,” என்றார்.

காட்சி ஓடியது. ஹெட்ஃபோனில் கோடாலி எலும்பில் இறங்கும் சத்தம், மிருகத்தின் உறுமல். கீச்சு திரையில் பையனின் வாயசைவையே பார்த்துக்கொண்டு கத்தினாள். இரண்டு வரிகளுக்கு நடுவே தற்செயலாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். மாமா எழுந்து நின்றிருந்தார். அவர் எதிரே ஹெல்மெட் போட்ட ஒருவன். யாரோ கூரியர்காரன் என்று நினைத்துத் திரைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுபடி பார்த்தபோது இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாமவன் கைக்குட்டையால் முகத்தைக் கட்டியிருந்தான். கையில் இரும்புக் கம்பி. மாமா இரண்டு கைகளையும் விரித்து, ஹார்டு டிஸ்க் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை.

கம்பி மேலே போய் இறங்கியது.

அதற்கும் சத்தம் இல்லை. கீச்சுவின் காதில் சாம்பல் நகரத்தின் இரைச்சல்தான் ஓடியது. மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடியில் கைப்பிடி அளவு இரத்தம் சிதறி வழிந்தது. அவர் கன்சோலைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். இரண்டாவது அடி காதோடு சேர்த்து விழுந்தது. மூன்றாவது அடி விழும்போது அவர் கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிட்டார். கம்பி மட்டும் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. ஹெல்மெட்காரன் அலமாரியிலிருந்து டிஸ்க்குகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவற்றில்தான் இன்னும் யாரும் தமிழில் பார்க்காத பாகங்கள் இருந்தன. முதல் பாகம் வெளியான சூட்டோடு மற்றவற்றைத் திருட்டு இணையதளத்தில் விற்க ஒருவன் அனுப்பிய ஆட்கள் இவர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. கம்பிக்காரன் நிமிர்ந்து அவளைப் பார்த்ததை மட்டும் பார்த்தாள்.

ஒலி புகாத அந்தக் கனத்த கதவைத் தவிர வேறு வழி கிடையாது. அதன் கைப்பிடி திரும்பத் தொடங்கியது. கீச்சு மைக்கைக் கழற்றக்கூட இல்லை. ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்தாள். அடியில் தோசைக்கல் போல வட்டமான இரும்பு. கதவு திறந்து அவன் ஒரு காலை உள்ளே வைத்ததும் வீசினாள்.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. ‘மடக்’கென்று ஏதோ முறிந்தது. இந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். அந்த நிலையிலும் கம்பியை வீச, அது அவள் விலாவில் பட்டது. மூச்சு நின்று போனது. மறுபடி ஓங்கினாள். இரும்பு அவன் தோளில் இறங்கியது, கம்பி உருண்டு போனது. கைக்குட்டை அவிழ்ந்து விழுந்தது. சின்ன முகம். உதட்டுக்கு மேலே வியர்வை. “வேணாங்க, வேணாங்க” என்று கையைத் தூக்கினான்.

அந்தக் கையின் மேலேயே அடித்தாள். பிறகு முகத்தில். தாடை ஒரு பக்கமாக நகர்ந்தது. பல் தெறித்து அவள் கால் மேல் விழுந்தது. அவன் மல்லாந்தான். கீச்சு நிறுத்தவில்லை. கண், கன்னம், கழுத்து என்று இரும்பு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் அசைவது நின்ற பிறகும் அடித்தாள். கை தளர்ந்து ஸ்டாண்டு நழுவியபோதுதான், தன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருப்பது தெரிந்தது.

அந்தச் சத்தம் திறந்திருந்த கதவு வழியாகக் கீழே டயர் கடைவரை போயிருந்தது. டிஸ்க் பையோடு இறங்கி ஓடிய ஹெல்மெட்காரனை டயர் கடை ஆட்கள் படிக்கட்டிலேயே மடக்கினார்கள். வீல் ஸ்பேனரால் இரண்டு போடு போட்டு, போலீஸ் வரும்வரை பழைய டயர்களுக்கு நடுவே அமுக்கி உட்கார வைத்தார்கள். கடை முதலாளி மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தவர், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீச்சு மாமாவின் தலையை மடியில் வைத்துத் தன் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டிருந்தாள். கதவருகே கிடந்தவனுக்கு மூச்சு ‘களக், களக்’ என்று வந்தது.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள்.

மாமாவை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு, பெண் இன்ஸ்பெக்டர் கீச்சுவைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தார்.

“எத்தன தடவ அடிச்சீங்க?”

“தெரியல. விழுந்தப்புறமும் அடிச்சேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அத நீங்க சொல்லணும்னு இல்லம்மா.”

“கேட்டீங்க. சொன்னேன்.”

காத்திருப்போர் கூடத்தில் சுவரில் ஒரு தொலைக்காட்சி. அக்கா டாக்டரைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். கீச்சு விலாவில் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி ஆகப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அதுவரை அங்கங்கே சிதறிக் கிடந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடினார்கள். காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு பெரியவர் சக்கர நாற்காலியை முன் வரிசைக்கே உருட்டிக்கொண்டு போனார். “சத்தம் வையுங்கப்பா!” என்றார்.

கீச்சுவின் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். சூப்பர் மார்க்கெட் சீருடை, கழுத்தில் அட்டை. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

“உங்களுக்கு யாருங்க உள்ள?” என்று கேட்டாள்.

“அக்கா வீட்டுக்காரர். உங்களுக்கு?”

“தம்பி.” அவள் அட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். “எங்கயோ திருடப் போயிருக்கான், பாவி. கூட்டு சேராதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. புடிச்சுக் குடுத்திருக்கலாம், கையக் கால ஒடச்சிருக்கலாம். மொகத்தயே இல்லாம பண்ணிட்டாங்க. ஒரு கண்ணு போயிடுச்சாம். கீழ விழுந்தவன இப்படியா அடிப்பாங்க, சொல்லுங்க?”

திரையில் சாம்பல் பெய்யத் தொடங்கியது. கூடம் அமைதியானது. புகையிலிருந்து கோடாலிக்காரன் நடந்து வந்தான். “எழுந்திரு,” என்றது கீச்சுவின் குரல், “இன்னொரு தடவை சாவு.” முன் வரிசையில் விசில் பறந்தது. மாவுக்கட்டுப் பெரியவர் கைதட்டினார். கீச்சு இந்த நிமிஷத்துக்காக மாசக்கணக்காகக் காத்திருந்தவள். இப்போது திரையைப் பார்க்காமல் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் திரும்பினாள்.

“நான்தான் அடிச்சேன்,” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. “என்னது?”

“உங்க தம்பிய. எங்க மாமா மண்டைய அவன் ஒடச்சான். நான் அவன அடிச்சேன்.”

“அவன் மொகத்தப் பாத்தீங்களா?”

“பாத்தேன். வேணாங்கன்னு கையத் தூக்கினான். அதுக்கப்புறமும் அடிச்சேன்.”

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. பிறகு அவள் கீச்சுவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து நாற்காலியோடு சாய்த்தாள். தரையில் போட்டு, கட்டுப் போட்ட விலாவிலேயே முழங்காலால் இடித்தாள். நகம் கண்ணுக்குக் கீழே கோடு கிழித்தது. கீச்சு கையைத் தூக்கவில்லை. தலைக்கு மேலே தொலைக்காட்சியில் அவளுடைய குரலே யாரையோ வெட்டிக்கொண்டிருந்தது. காவலாளிகள் இருவர் வந்து பிய்த்து எடுத்த பிறகும் அந்தப் பெண் காற்றில் உதைத்தாள். “பொம்பளையா நீ? நீயெல்லாம் பொம்பளையா?” என்று கத்திக்கொண்டே, நின்ற இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

உள்ளிருந்து ஓடி வந்த அக்கா தங்கையின் கோலத்தைப் பார்த்துப் பதறினாள். “என்னடி இது? யாருடி அடிச்சா?”

“விடுக்கா. மாமாவுக்கு எப்படி இருக்கு?”

“பொழச்சுட்டாரு. பொழச்சுட்டாருடி,” என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். விலா வலித்த வலியில் கீச்சுவின் உயிரே போனது. விடச் சொல்லவில்லை.

மாமாவுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. மற்றபடி ஆள் தேறிவிட்டார். ஹெல்மெட்காரன் வாயைத் திறந்ததில் அனுப்பியவனும் அகப்பட்டான். தற்காப்பு என்று சொல்லி கீச்சு மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? விஷயம் எப்படியோ கசிந்து, நிஜக் கோடாலிக்காரி என்று ரசிகர்கள் அவளைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள். அவள் உருவத்தின் கையில் மைக் ஸ்டாண்டைக் கொடுத்துப் படம் வரைந்து அனுப்பினார்கள். அவள் எதற்கும் பதில் போடவில்லை. மீதிப் பாகங்களைப் பேசி முடித்தாள். நன்றாகவும் பேசினாள். வீட்டில் கத்தரிக்கோல் கீழே விழுந்தால்கூடச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

ஒருநாள் பகலில் அந்த சூப்பர் மார்க்கெட்டைத் தேடிப் போனாள். போய் என்ன செய்வதாக எண்ணம் என்று அவளுக்கே தெரியாது. கையில் கிடைத்த ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் இருந்த வரிசையில் நின்றாள். முறை வந்ததும் அவள் நிமிர்ந்து கீச்சுவைப் பார்த்தாள். சோப்பை வாங்கிக் கருவியில் காட்டினாள்.

“ஜெயில் ஆஸ்பத்திரிலதான் இருக்கான்,” என்றாள் குனிந்தபடியே. “வாயக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. தண்ணியா இருக்கறதுதான் உள்ள எறங்குது. அந்தத் தொடரப் போடச் சொல்லிப் பாக்கறானாம், கிறுக்கன். யாரு கொரலுன்னு அவனுக்குத் தெரியாது.”

“சொல்லலியா?”

“எதுக்கு?” சோப்பைப் பையில் போட்டு நீட்டினாள். “உங்க மாமாவுக்குத் தேவலாமா?”

“ஒரு காது போயிடுச்சு.”

அவள் தலையசைத்தாள். “இனிமே இங்க வராதீங்க,” என்றாள். குரலில் கோபம் இல்லை.

பின்னால் நின்றவர் கூடையை நகர்த்தி வைத்தார். கீச்சு பையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.