கடற்காகங்களுக்கு எறிந்த பாண்

தவராஜாவுக்கு விமானம் பார்க்கும் பித்துப் பிடித்தது ஐம்பது வயதுக்குப் பிறகுதான். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத் துணித் தொழிற்சாலையில் வேலை. வேலையில்லாத நாட்களில் ஏதாவதொரு விமான நிலைய வேலியோரம் போய் நின்று, இறங்குவதையும் ஏறுவதையும் படம் எடுப்பார். அதே பித்துள்ளவர்களின் பேஸ்புக் குழுவில் அவற்றைப் போடுவார். மனைவி யோகமலர் இதற்குக் குறுக்கே நின்றதில்லை. இந்தக் கோடையில் பொர்ன்ஹோல்ம் தீவுக்குப் போவோம் என்று அவர் சொன்னபோதே, அங்கேயும் ஒரு ஓடுபாதை இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தது. ரோன்னே நகருக்கு வெளியே, கடலை ஒட்டி. அவர்கள் எடுத்திருந்த விடுமுறை வீட்டிலிருந்து காரில் கொஞ்சத் தூரம்தான்.

விடுமுறையின் கடைசிக்கு முதல் நாள் காலையில் கிழக்குக் காற்று வீசியது. அப்படி வீசினால் விமானங்கள் கடல் பக்கமாக வந்து இறங்கும். யோகமலர் கடற்கரையில் நடக்கப் போய்விட்டாள். தவராஜா கமராவோடு வேலியோரம் நின்றார். புல்லில் சில கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. வெள்ளைப் பறவைகள் சிறகு விரித்திருக்க, அவற்றுக்கு மேலே விமானம் தாழ வருகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பறவைகளுக்கு உணவு போடக்கூடாது என்று வேலியிலேயே பலகை தொங்கியது. அதை அவர் வாசித்தார். வாசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்த பாணைப் பையிலிருந்து எடுத்தார்.

கோப்பன்ஹேகன் விமானத்தின் வெளிச்சம் கடலுக்கு மேல் தெரிந்ததும் பாணைப் பிய்த்து வேலிக்கு அப்பால் எறிந்தார். நினைத்ததைவிட அதிகமான பறவைகள் எங்கெங்கிருந்தோ வந்து விழுந்தன. விமானத்தின் இரைச்சல் நெருங்கியதும் எல்லாம் ஒன்றாக எழும்பின. அவர் விரலை எடுக்காமல் படம் எடுத்துக்கொண்டேயிருந்தார். ஒரு பறவை இறக்கைப் பக்கம் போனதைக் கமராவுக்குள் கண்டார். டொம் என்று ஒரு சத்தம். விமானம் லேசாக ஆடி, இறங்கி, ஓடுபாதையின் நடுவிலேயே நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டி அதை நோக்கி ஓடியது.

உள்ளே இருந்தவர்களுக்கு என்னவாயிற்று என்று அவர் முதலில் நினைக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் கிடந்த பாண் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார். ஆட்களை நினைக்காமல் முதலில் பாணைத்தான் மறைக்கப் பார்த்தேன் என்ற நினைப்பு பிறகு அவரை நெடுநாள் விடவில்லை.

யோகமலர் ஓடி வந்து என்ன சத்தம் என்று கேட்டாள். ஒரு பறவை அடிபட்டுவிட்டது போல என்றார். பொறுக்கிய துண்டுகளைப் பைக்குள் தள்ளி மூடினார்.

ஒருவருக்கும் காயமில்லை என்று இருவரும் விசாரிக்க விமான நிலையக் கட்டிடத்துக்குப் போனபோது தெரிந்தது. ஆனால் எஞ்சினைப் பரிசோதிக்க வேண்டியிருந்ததால் அந்த விமானம் திரும்பிப் போகாது. அடுத்த விமானத்தில் இடமில்லை. ஒரு வயதான டேனிஷ் பெண் வாங்கில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். யோகமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அழுகிறவரைத் தாண்டிப் போக அவளால் முடியாது. பக்கத்தில் இருந்து விசாரித்தாள். அவர் பெயர் இங்கர். கணவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. விடியவே ஹெலிகொப்டரில் கோப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் இவருக்கு இடமில்லை. இவருக்குக் கார் ஓடவும் தெரியாது.

"நாளைக்குப் போறதை இண்டைக்கே போவம்," என்றாள் யோகமலர் கணவனிடம். "இவவையும் கூட்டிக்கொண்டு போவம்."

தவராஜா தலையாட்டினார்.

சுவீடனுக்குப் போகும் கப்பலில் காருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் கோப்பன்ஹேகன். காரில் ஏறியதிலிருந்து இங்கர் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். உங்களைப் போன்றவர்களைச் சந்தித்தது என் அதிர்ஷ்டம் என்றார். ஒவ்வொரு நன்றிக்கும் தவராஜாவுக்கு உடம்பு கூசியது.

கப்பலில் இங்கர் கதிரையிலேயே கண்ணயர்ந்தார். தவராஜா மனைவியைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய் கமராவைத் திறந்து காட்டினார். அவர் ஆசைப்பட்டபடியே படம் விழுந்திருந்தது. விரிந்த சிறகுகள், மேலே விமானம், ஓரத்தில் அந்த ஒரு பறவை. அவர் இதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்த படம்.

"நான்தான் பாண் எறிஞ்சனான்," என்றார்.

யோகமலர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பலகையில எழுதியிருந்ததை நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

அவள் கமராவைத் திருப்பிக் கொடுத்தாள். இங்கர் எழும்பியதும் சொல்லிவிடப் போவதாக அவர் சொன்னார்.

"இப்ப சொன்னா அவ எங்கை இறங்கிப் போறது? உங்களோடதானே காரில இருக்க வேணும்? முதல்ல அவவைக் கொண்டுபோய் மனுசனிட்ட விடுவம்." இங்கர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆனா சொல்லாமல் மட்டும் விட்டிடாதேங்கோ," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கரின் கணவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கீழே காத்திருந்த இருவரிடமும் இங்கரே வந்து சொன்னார். மத்தியானம் வரைக்கும் அவருக்கு நினைவு இருந்ததாம். பேசினாராம். இங்கர் எப்போது வருவாள் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டேயிருந்தாராம். விமானம் போயிருந்தால் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருப்பேன் என்று சொல்லி, யோகமலரைக் கட்டிப்பிடித்து அழுதார். தவராஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் யோகமலரின் தங்கை வீட்டில் தங்கினார்கள். விடிந்ததும் தவராஜா விமான நிலையத்துக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். படத்தையும் கேட்டார்கள், அனுப்பினார். பிறகு பொலிஸ் கூப்பிட்டு விசாரித்தது. அதெல்லாம் அவருக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை.

சில வாரங்களில் இங்கரிடமிருந்து செய்தி வந்தது. கணவர் பிழைத்துவிட்டார். ஆட்களை அடையாளம் தெரிகிறது. பேச்சு மட்டும் போய்விட்டது. திரும்பாது என்று டொக்டர்கள் சொல்கிறார்கள். அடுத்த கோடையில் இருவரும் கட்டாயம் வீட்டுக்குக் கோப்பி குடிக்க வர வேண்டும்.

அதை வாசித்த கையோடு தவராஜா போன் எடுத்தார். படத்துக்காகப் பாண் எறிந்தது, பலகையை வாசித்தது, பொறுக்கியது, வழி முழுக்க மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

மறுபக்கத்தில் இங்கர் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"அவர் கடைசியாகப் பேசினதை நர்ஸ்தான் கேட்டார்," என்றார் இங்கர். "நான் கேட்கவில்லை."

தவராஜா மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

"நீங்கள் சொன்னது நல்லது. ஆனால் இனி என்னைக் கூப்பிட வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அவர் குசினி மேசையடியில் உட்கார்ந்தார். இங்கர் என்ன சொன்னார் என்று யோகமலர் கேட்டாள். சொன்னார். அவள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள்.

டிசம்பரில், நத்தார் நேரம் யோகமலரின் போனுக்கு ஒரு படம் வந்தது. இங்கரும், ஊன்றுகோலோடு அவர் கணவரும் வீட்டு வாசலில் நின்றார்கள். கீழே யோகமலரின் பெயரைப் போட்டு வாழ்த்து எழுதியிருந்தது. அவள் அதைக் கணவனிடம் நீட்டினாள். தவராஜா அந்தக் கணவரின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். வாழ்த்தில் தன் பெயர் இல்லாதது சரிதான் என்று நினைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். மனைவி பதில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.