பின்னால் யாரும் வராவிட்டால்

1.
இந்தக் கதையை என் கணவரின் புலம்பலிலிருந்து எடுத்தேன், அவரைக் கேட்காமல். வீட்டில் எழுதுகிறவள் இருந்தால் புலம்பலுக்குக்கூடப் பாதுகாப்பு கிடையாது.

அவர் வேறொரு ஊரில் கணினியின் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுகிறார். (கார்டை வேலை வாங்கும் நிரல் அது. கார் சமாச்சாரம் என்றுதான் மாமியார் இன்னும் நினைக்கிறார்.)

2.
தொடக்கம்: 'அவன் ரெஜிஸ்டரைத் திறந்து —' வேண்டாம். பள்ளிக்கூட வருகைப்பதிவு ஞாபகம் வந்துவிடும்.

இன்னொன்று: அனுப்பவேண்டிய ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தகவலின் சின்னப் பொட்டலம்) டிரைவர், கார்டிலுள்ள ரெஜிஸ்டர் என்ற குட்டி நினைவறை ஒன்றில் ஓர் எண்ணை எழுதவேண்டும். வாசல் மணி அடிப்பது மாதிரி. அடித்தால்தான் கார்டு வந்து எடுத்துப்போகும். ஆனால் அப்படி ஒருமுறை எழுத ஆகும் நேரம் அதிகம். அதனால் அவர் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து, மொத்தத்துக்கும் ஒரே மணி என்று மாற்றினார். வேகம் பிய்த்துக்கொண்டு போனது.

3.
அந்தச் சூட்டோடு போன் செய்தார்.

"நானும் சும்மா சும்மா கூப்பிட்டு உன் எழுத்தைக் கெடுக்கறேன்ல? எல்லாத்தையும் சேர்த்து வெச்சு ஞாயித்துக்கிழமை பேசிடலாமா?"

"சரிங்க" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

(இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. 'சரிங்க' என்று இவ்வளவு சுலபமாகச் சொல்வாளா? சொன்னாளே, பாவி.)

அதற்குமுன் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவார். சட்டைப் பொத்தான் அறுந்தால் கூப்பிடுவார். இப்போது ஞாயிறுதோறும் உடம்பு, வாடகை, அம்மாவின் மாத்திரை என்று ஒழுங்காகப் பேசுகிறோம். பொத்தான்கள் ஞாயிறுவரை தாங்குவதில்லை. எனக்கு அந்தப் பொத்தான்கள்தான் வேண்டும்.

4.
போன ஞாயிறு புலம்பினார்.

"கூட்டமா வந்தா பறக்குது. ஒத்தப் பாக்கெட் வந்தா அப்படியே நிக்குது."

"ஏன்?"

"துணைக்கு இன்னொண்ணு வரும்னு காத்திருக்கு. வரவே இல்லைன்னா மணியே அடிக்காது. நான்தான் அப்படி எழுதித் தொலைச்சிருக்கேன்."

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"பின்னால யாரும் வரலைன்னா உடனே அடின்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

'அது எனக்கும் பொருந்துங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் —

அம்மாவின் மாத்திரைப் பேச்சுக்குப் போய்விட்டோம்.

5.
முடிவு அ: அவரே புரிந்துகொண்டு கூப்பிடுகிறார். (டிரைவரைத் திருத்தத் தெரிந்தவருக்குப் பெண்டாட்டியைப் படிக்கத் தெரியும் என்று யார் சொன்னது?)

முடிவு ஆ: இந்தக் கதை அச்சாகி, அவர் படித்து — அதற்குள் கிழவியாகிவிடுவேன்.

6.
இன்று செவ்வாய். சமையலறைக் குழாய், அவர் போனதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, காலையில் தானாகவே நின்றுவிட்டது. வீடு சட்டென்று அமைதியானதும் அவரைப் பார்க்கவேண்டும்போல் அழுகை வந்தது. சொல்வதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. இதன் பின்னால் வேறு எதுவும் வரப்போவதில்லை.

போன் கையில் இருக்கிறது. அவர் வேலையில் இருப்பார். ஒரு குழாய்க்காகவா கூப்பிடுவார்கள்?

நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், குழாய் மறுபடி சொட்ட ஆரம்பிப்பதற்குள்.